கை எட்டாத இடத்தில் அறுந்த கயிறு: ஒரு சிறு பாய்ப்படகின் நடுப்பலகைப் பழுது குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், மணவாளக்குறிச்சிக்கும் முட்டத்துக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில், கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் பதினான்கு அடி நீளமுள்ள பைபர் பாய்ப்படகு ஒன்றை வைத்திருக்கிறார். கொச்சியில் பழையதாக வாங்கி வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்த படகு அது. மீன்பிடிக்க அல்ல; தம் அக்காள் மகனுக்கும் ஊர் இளைஞர்கள் சிலருக்கும் பாய் கட்டி ஓடும் பழக்கத்தைச் சொல்லிக்கொடுப்பதற்காக. அவருடன் ஒரே கப்பலில் எஞ்சின் அறைப் பிட்டராக வேலை பார்த்தவன் என்ற முறையில், படகில் எது பழுதானாலும் என்னை அழைப்பது வழக்கம். கீழே வரும் இரண்டு பழுதுபார்ப்புகளில் முதலாவதைத் தவறாகச் செய்தவன் நானே என்பதை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்.

இக்கரையில் பாய் என்பது இன்று பெரும்பாலும் நினைவாகிவிட்டது. கட்டுமரங்கள் பாயில் ஓடிய காலத்தில், பக்கவாட்டில் வழுகாமலிருக்க மரங்களுக்கு இடையே ஒரு பலகையைக் கீழே இறக்குவார்கள். எங்கள் படகின் நடுப்பலகை செய்வதும் அதே வேலைதான். ஆனால் இதைக் கையால் செருகி எடுப்பதில்லை. படகின் நடுவே நெடுக்காக நிற்கும் ஒரு குறுகிய பெட்டிக்குள், ஒரு சுழல் ஆணியைப் பற்றிக்கொண்டு கத்தி மடங்குவதைப் போல் அது மேலும் கீழும் திரும்புகிறது. கீழே இறக்க ஒரு கயிறு, மேலே ஏற்ற இன்னொரு கயிறு. பலகை ஒட்டுப்பலகையால் செய்து மேலே பைபர் பூசியது. ஆகவே மிதக்கும் இயல்புடையது. இறக்கு கயிறு விட்டுப்போனால் பலகை தானாக மேலே வந்துவிடும் என்பது இந்நிகழ்வு முழுவதற்கும் அடிப்படை.

இறக்கு கயிறு செல்லும் வழியையும் சொல்ல வேண்டும். சுழல் ஆணிக்கு மேலே 18 செ.மீ. நீண்டு நிற்கும் பலகையின் தலைப்பகுதியில் அது கட்டப்பட்டுள்ளது. அங்கிருந்து பெட்டியின் உள்ளேயே பின்னோக்கி ஓடி, பின்முனையில் ஒரு சிறு கப்பியைச் சுற்றி மேலேறி, ஒரு துளை வழியாக வெளியே வந்து சுக்கான் பிடிப்பவர் அருகிலுள்ள கிளீட்டில் (கயிற்றைப் பிடித்து நிறுத்தும் கட்டையில்) மாட்டப்படுகிறது. பெட்டியின் மூடி பைபரால் ஒட்டி அடைக்கப்பட்டிருந்தது. எனவே கப்பியைக் கண்ணால் பார்க்கவும் வழியில்லை, கையால் தொடவும் வழியில்லை.

கடலில் நிகழ்ந்தது

தை மாதத்தின் நடுவில் ஒரு காலை, ஏழு மணியளவில், உரிமையாளரும் இரண்டு இளைஞர்களும் கடலில் இறங்கினார்கள். இம்மாதங்களில் எங்கள் கரையில் காலைக் காற்று வடகிழக்கிலிருந்து, அதாவது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அது இறங்கும் நாள்களில் கரையோரம் அமைதியாகத் தோன்றும் கடல், அரைக் கிலோமீட்டர் போனதும் வேறு முகம் காட்டும். கரையை விட்டு ஓடுவது எளிது. திரும்புவதற்குத்தான் காற்றுக்குச் சாய்வாக மாறி மாறி எதிரேற வேண்டும். நடுப்பலகை கீழே இல்லாத படகால் அப்படி ஏற முடியாது.

கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில் திரும்பத் தொடங்கினார்கள். படகின் மூக்கு கரையை நோக்கியே இருந்தபோதிலும், முட்டம் கலங்கரை விளக்கமும் அதற்கு முன்னால் தெரிந்த ஒரு தென்னைக் கூட்டமும் ஒன்றைவிட்டு ஒன்று தவறான பக்கம் விலகிக்கொண்டிருப்பதைச் சுக்கான் பிடித்திருந்த இளைஞர் கவனித்தார். கரையில் இரண்டு அடையாளங்களை ஒரே நேரில் வைத்துப் பார்ப்பது மீனவர் வழக்கம். அதை அவருக்கு யாரோ சிறுவயதிலேயே சொல்லியிருந்தார்கள். “மாமா, நாம முன்னால போகல, பக்கத்துல போறோம்” என்று அவர் சொன்ன பிறகுதான் உரிமையாளர் இறக்கு கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். எதிர்ப்பே இல்லாமல் கயிறு கைக்கு வந்தது. அதன் நுனி தென்னந்தும்பு போல் பிரிந்திருந்தது.

மறுமுனை மூடிய பெட்டிக்குள் கிடந்ததால் அதை எடுத்து முடிச்சிட வழியில்லை. மேலெழுந்து நின்ற பலகையைத் துடுப்பால் கீழே தள்ளவும் இடமில்லை. சில நிமிடங்கள் பாயோடு போராடியதில் கரை இன்னும் தள்ளிப்போனதே தவிர வேறு பயன் ஏதுமில்லை. உரிமையாளர் பாயை இறக்கச் சொல்லி, சிறு நங்கூரத்தைப் போட்டார். அன்று நடந்தவற்றில் மிகச் சரியான முடிவு இதுவென்று நான் கருதுகிறேன். துடுப்பு போட்டுப் பார்க்கலாம் என்று இளைஞர்கள் சொன்னதை அவர் ஏற்கவில்லை. காற்றும் நீவாடும் (கடல் நீரோட்டமும்) ஒரே பக்கம் இழுக்கும்போது கைகள் சோர்ந்த பிறகு நங்கூரம் போடுவதைவிட, ஆழம் இன்னும் நங்கூரக் கயிற்றுக்கு எட்டும் இடத்திலேயே நின்றுவிடுவது மேல் என்பது அவர் கணக்கு. ஐம்பது நிமிடம் கழித்து, தூண்டில் வேலை முடித்துத் திரும்பிய ஒரு பைபர் வள்ளம் அவர்களைக் கட்டி இழுத்து வந்தது. யாருக்கும் காயமில்லை.

முதல் பழுதுபார்ப்பு

அன்று மாலையே நான் போனேன். கயிறு பழையது, வெயிலில் வெளுத்தது, ஆகவே நைந்து அறுந்தது என்று பார்த்த மாத்திரத்தில் முடிவு செய்தேன். மாற்றுக் காரணம் எதையும் தேடவில்லை. வலைக்கடையில் கிடைக்கும் பச்சை நிற முறுக்குக் கயிற்றை அதே 6 மி.மீ. தடிமனில் வாங்கி, ஒரு கம்பியை வளைத்துத் துளை வழியாக விட்டு, ஒரு மணிநேரம் மீன் பிடிப்பதைப் போல் துழாவி, புதுக் கயிற்றைக் கப்பி வழியாகக் கோத்துக் கட்டினேன். செலவு 180 ரூபாய். துழாவும்போது கப்பி சுழலாததைக் கம்பியின் வழியாகக் கை உணர்ந்தது. அந்தக் குறிப்பை நான் பொருட்படுத்தவில்லை.

ஆறு முறை கடலுக்குப் போய் வந்த பிறகு, பத்தொன்பதாம் நாள், அந்தக் கயிறும் அறுந்தது. இம்முறை கரையில் வைத்துப் பலகையை இறக்கிப் பார்க்கும்போதே அறுந்தது நல்வாய்ப்பு.

பழைய கயிற்றையும் புதிய கயிற்றையும் திண்ணையில் பக்கம் பக்கமாக விரித்து அளந்தபோதுதான் எனக்கு உறைத்தது. பலகைத் தலையில் இருந்த முடிச்சிலிருந்து முதல் கயிறு 96 செ.மீ. தொலைவில் அறுந்திருந்தது, இரண்டாவது 95 செ.மீ. தொலைவில். பலகை முழுவதும் இறங்கி நிற்கும்போது கப்பியின் மேல் படியும் இடம் அது. வெயிலும் வயதும் காரணமாக இருந்தால் பத்தொன்பது நாள் கயிறு அங்கே அறுந்திருக்காது. 1980களில் இக்கரையில் ஒட்டுப்பலகை வள்ளங்கள் கட்டப்பட்ட காலத்தில் தச்சு வேலை செய்த பெரியவர் ஒருவர் அப்போது பக்கத்தில் இருந்தார். இரண்டு நுனிகளையும் விரலால் நிமிண்டிப் பார்த்துவிட்டு, “கயிறு தேஞ்சா கயிற மாத்தாத மக்கா, கப்பியப் பாரு” என்றார். பாட்டா சொன்னதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பெட்டியைத் திறந்தபோது

படகைக் கவிழ்க்காமல், பழைய டயர்களின் மேல் ஏற்றி வைத்து, பெட்டி மூடியின் ஒட்டுகளைக் கிரைண்டரால் அறுத்துத் திறந்தோம். கப்பி உட்கார்ந்திருந்த இடம் ஒரு சிறு கிண்ணம் போல் அமைந்திருந்தது. அதற்குள் இரண்டு கைப்பிடி மணல் இறுகிக் கிடந்தது. கறுப்பும் சிவப்பும் கலந்த அந்த மணலை இங்குள்ள எவரும் பார்த்தவுடன் அறிவர். உப்பும் மணலும் சேர்ந்து கப்பியின் அச்சைச் சிமெண்டு போலப் பிடித்திருந்தன. சுழலாத கப்பியின் மேல் கயிறு ஒவ்வொரு முறையும் வழுக்கிச் சென்றதால், அதன் பள்ளம் ஒருபக்கமாகத் தேய்ந்து, விளிம்பு கத்திமுனை போலாகியிருந்தது. கப்பிக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையே பச்சை இழைகள் சிக்கியிருந்தன. விரல் நகத்தை அவ்விளிம்பில் வைத்து இழுத்தால் நகம் சீவிக்கொண்டு வந்தது.

மணலைப் பற்றி

சாதாரண ஆற்று மணலாக இருந்தால் இவ்வளவு ஆகியிருக்குமா என்பது ஐயமே. எங்கள் கரை மணலில் இல்மனைட், கார்னெட், சிர்கான், ரூட்டைல், மோனசைட் ஆகிய கனிமங்கள் கலந்திருக்கின்றன. மணவாளக்குறிச்சியில் அவற்றைப் பிரித்தெடுக்கும் அரசு நிறுவனத்தின் ஆலை இருக்கிறது. சிவப்பாகத் தெரியும் கார்னெட், உப்புத்தாள் போன்ற தேய்ப்புப் பொருள்கள் செய்யப் பயன்படும் அளவுக்குக் கடினமானது. கறுப்பாகத் தெரியும் இல்மனைட் தண்ணீரைப்போல் நான்கரை மடங்குக்கும் மேல் எடையுள்ளது. வெள்ளை மணலோ இரண்டரை மடங்குக்குச் சற்றே கூடுதல். ஆகவே பெட்டிக்குள் அலை புகுந்து வெளியேறும்போது வெள்ளை மணல் எளிதில் அலசிப்போக, கனத்த மணல் பள்ளம் கண்ட இடத்தில் தங்கிவிடுகிறது. தேய்க்கும் குணமுள்ளவை எவையோ அவையே தங்குகின்றன.

கயிற்றுக்கும் இம்மணலுக்கும் உள்ள உறவு பழையது. 1909ஆம் ஆண்டு ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், இக்கடற்கரைப் பகுதியிலிருந்து ஏற்றுமதியான தென்னந்தும்புச் சரக்கில் ஒட்டியிருந்த மணல் துகள்களில்தான் மோனசைட்டைக் கண்டறிந்தார். மணவாளக்குறிச்சியில் மணல் தொழில் தொடங்கியது அதன் பின்னரே. நூறாண்டுக்கு முன் தும்போடு கடல் கடந்த மணல், எங்கள் பெட்டிக்குள் கயிற்றின் இழைகளுக்கு இடையே புகுந்து உட்புறமிருந்தும் அதை அறுத்திருக்கிறது. அறுந்த நுனியை ஒரு வெள்ளைத் தட்டில் தட்டியபோது சிவப்புப் பொடி உதிர்ந்தது.

மணல் உள்ளே வந்த வழியும் தெளிவானது. கரையேறும்போது படகின் மூக்கை மணலில் ஏற்றிவிட்டு, பின்புறம் அலையில் கிடக்க, ஆள் சேரும்வரை காத்திருப்போம். ஒவ்வொரு அலையும் கீழ்ப்பிளவு வழியாக மணல்நீரைப் பெட்டிக்குள் பீய்ச்சும். பின்முனையிலுள்ள கப்பிக் கிண்ணத்துக்கு வடிகால் இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

கயிறு எதுவாக இருக்க வேண்டும் என்பதில் நீண்ட பேச்சு தேவைப்படவில்லை. நைலான் இழுபடும்; இழுபட்டால் பலகை பின்னோக்கிச் சாய்ந்துவிடும். டைனீமா என்ற செயற்கை இழைக் கயிறு மிக வலுவானது, ஆனால் வழுவழுப்பானது, விலையும் அதிகம். பலகை மேலெழ முயல்வதால் கயிற்றின் மேல் வரும் பளு ஐந்து கிலோ அளவில்தான் இருக்கும் என்று கணக்கிட்டோம். பல நூறு கிலோ தாங்கும் 6 மி.மீ. பாலியெஸ்டர் பின்னல் கயிறே இதற்கு மிகை. அதையே கொச்சியிலிருந்து வரவழைத்தோம்.

கப்பியை நாகர்கோவிலில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கினோம். நைலான் கட்டையில் கடைந்தால் போதும் என்று நான் சொல்லியிருந்தேன். நைலான் தண்ணீர் குடித்து உப்பி அச்சை இறுக்கும், டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கில் செய்யுங்கள் என்று பட்டறைக்காரர் திருத்தினார். குறுக்களவு 40 மி.மீ.; அச்சு 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்; அச்சுக்கும் துளைக்கும் இடையே சற்றே தாராளமான இடைவெளி.

உண்மையான கருத்து வேறுபாடு எழுந்தது இன்னொரு கேள்வியில்: இறக்கு கயிறு அறுந்தே போகாதபடி இருக்க வேண்டுமா? அன்று ஐம்பது நிமிடம் நங்கூரத்தில் நின்ற உரிமையாளர், இனி எந்நிலையிலும் அறுபடக் கூடாது என்றார். ஆனால் கடியபட்டணம், முட்டம் பகுதிகளில் நீருக்கடியில் பாறைகள் உண்டு. பலகையின் நுனி சுழல் ஆணியிலிருந்து 95 செ.மீ. கீழே, கயிறு கட்டியிருப்பதோ 18 செ.மீ. மேலே. நுனி பாறையில் 20 கிலோ விசையோடு மோதினால் கயிற்றில் அது 100 கிலோவுக்கும் மேலாக வந்து சேரும். கயிறு அப்போது விட்டுக்கொடுத்தால் பலகை மடங்கி மேலே போகும், படகு தப்பிக்கும். விட்டுக்கொடுக்காவிட்டால் பலகை முறியும், அல்லது பெட்டியின் அடி கிழிந்து தண்ணீர் உள்ளே வரும். அந்தக் காலையில் கயிறு அறுந்தது பிழையன்று. கை எட்டாத இடத்தில் அறுந்ததே பிழை. அறுபடும் இடத்தை நாமே தேர்ந்தெடுத்து வெளியே கொண்டுவருவது என்ற முடிவுக்கு இருவரும் கடைசியில் வந்தோம்.

ஆகவே கயிறு துளையிலிருந்து வெளிவந்து 50 செ.மீ. தள்ளி ஒரு வளையத்தில் முடிகிறது. கிளீட்டில் மாட்டும் வால்கயிறு தனியானது. இரண்டையும் இணைப்பது வலைநூல் மட்டுமே. பலகை முழுவதும் மடங்கினாலும் கயிறு உள்ளே இழுபடுவது ஏறத்தாழ 25 செ.மீ. என்பதால் வளையம் எப்போதும் வெளியிலேயே நிற்கும். அதைப் பிடித்திழுத்துப் புது நூல் கட்டிவிடலாம்.

நூல் எத்தனை மடிப்பு என்பதைப் புன்னை மரத்தடியில் சோதித்தோம். முடிச்சு, நூலின் வலுவைப் பெரிதும் குறைக்கும். நைலான் நனைந்தால் மேலும் சற்றுக் குறையும். ஆகவே கட்டப்போகும் அதே முடிச்சோடு, கடல்நீரில் நனைத்தே கிளையில் தொங்கவிட்டு, 20 லிட்டர் தண்ணீர்க் கேன்களை ஒவ்வொன்றாக மாட்டினோம். இரண்டு மடிப்பு இரண்டாவது கேனிலேயே அறுந்தது. நான்கு மடிப்பு மூன்று கேன்களையும் தாங்கிக்கொண்டது. மூன்று மடிப்பு இரண்டு கேன்களைத் தாங்கி, மூன்றாவதைக் கையிலிருந்து விட்டவுடன் ‘டப்’ என்று விட்டது. மூன்று மடிப்பை எடுத்துக்கொண்டோம்.

பெட்டி மூடியை மீண்டும் ஒட்டவில்லை. ரப்பர் பட்டை வைத்து எட்டுத் திருகாணிகளால் இறுக்கினோம். கப்பிக்கு நேர்மேலே கை நுழையும் அளவுக்குத் திருகு மூடியுள்ள ஒரு வாய் வைத்தோம். கப்பிக் கிண்ணத்தின் அடியில் இரண்டு வடிகால் துளைகள் இட்டு, அவற்றின் விளிம்புகளை ரெசின் பூசி அடைத்தோம். கீழ்ப்பிளவின் இருபுறமும் லாரி டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் பட்டைகளை மணல் தடுப்பாக ஒட்டினோம். மொத்தச் செலவு சுமார் 7,400 ரூபாய்.

பின்னர் நடந்தவை

மாசி, பங்குனி, சித்திரை ஆகிய மூன்று மாதங்களில் படகு இருபத்தேழு முறை கடலுக்குப் போனது. கடியபட்டணம் அருகே ஒருமுறை பலகை நுனி பாறையில் தட்டியது. எதிர்பார்த்தபடி நூல் அறுந்தது, பலகை மடங்கியது. ஆழமான இடத்துக்கு விலகி வந்து அக்காள் மகன் புது நூல் கட்ட எடுத்துக்கொண்டது மூன்று நிமிடத்துக்கும் குறைவு. பலகையின் நுனியில் கட்டைவிரல் அகலத்துக்கு பைபர் பெயர்ந்திருந்தது, வேறு சேதமில்லை.

திருகு வாய் நாங்கள் நினைக்காத ஒரு பயனையும் தந்தது. பலகை மேலே கிடக்கும்போது அதன் அலகு நேராக அந்த வாயின் அடியில் வருகிறது. கயிறே இல்லாத நிலையில் ஒரு குச்சியை அதன் வழியாக விட்டு அழுத்திப் பார்த்தோம்; பலகை ஏறத்தாழ பாதியளவு இறங்கியது. பாதி இறங்கிய பலகையோடு, மெதுவான காற்றில், படகு எதிரேறவும் செய்தது. தை மாதத்தில் அந்த வாய் இருந்திருந்தால் வள்ளக்காரர்களைத் தொந்தரவு செய்ய வேண்டியிருந்திருக்காது.

ரப்பர் பட்டைகள் தோல்வியடைந்தன. இரண்டாம் மாதத்தில் ஒன்று கிழிந்து, மடிந்து பலகைக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே ஆப்பு போல் இறுகியதால் பலகை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கரை கிட்டத்தில் இருந்ததால் சமாளித்தார்கள். மணலைத் தடுக்க வைத்த பொருளே பலகையைத் தடுத்தது. இரண்டு பட்டைகளையும் பிய்த்து எறிந்துவிட்டு, ஒவ்வொரு முறை கரையேறிய பின்னும் திருகு வாய் வழியாக இரண்டு வாளி நல்ல தண்ணீர் ஊற்றி அலசுவதை வழக்கமாக்கினோம்.

மாற்ற வேண்டியவை

முதல் நாளே இரண்டு கேள்விகளை நான் கேட்டிருக்க வேண்டும்: கயிறு முடிச்சிலிருந்து எவ்வளவு தொலைவில் அறுந்தது, அந்த இடம் எதன் மேல் படிகிறது? அளவுநாடாவை எடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. கம்பி வழியாகக் கப்பி சுழலவில்லை என்று உணர்ந்த பிறகும் 180 ரூபாய் வேலையாக அதை முடித்தது என் சோம்பலே.

கடலுக்குப் போகும் நடைமுறையிலும் மாற்றம் செய்தோம். நிலக்காற்று வீசும் காலைகளில், கரையிலிருந்து இருநூறு மீட்டருக்குள் ஒருமுறை காற்றுக்கு எதிரேறிக் காட்டிய பிறகே மேலே போவது. படகால் அங்கே ஏற முடியாவிட்டால் அப்பால் போயும் ஏற முடியாது. நங்கூரக் கயிறு 15 மீட்டராக இருந்ததை 40 மீட்டராக நீட்டினோம். அன்று அது பிடித்தது ஆழம் குறைந்த இடமாக இருந்ததால்தான். இன்னும் அரை மணிநேரம் பாயோடு மல்லுக்கட்டியிருந்தால் பிடித்திருக்காது.

கப்பி உள்ளே இருக்கும் இந்த அமைப்பையே மாற்றி, கப்பியைப் பெட்டிக்கு வெளியே கொண்டுவர முடியுமா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. பெரியவர் முடியும் என்கிறார். அதற்குப் பெட்டியின் பின்சுவரை வெட்ட வேண்டும் என்பதால் உரிமையாளர் தயங்குகிறார். ஆனி, ஆடியில் கடல் கொந்தளிக்கும்போது படகு எப்படியும் கரையில்தான் கிடக்கும். அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்திருக்கிறோம்.

வைகாசி தொடக்கத்தில் படகைக் கொட்டகைக்கு ஏற்றும் முன், பாலியெஸ்டர் கயிற்றை உருவி அதே திண்ணையில் விரித்தோம். 96ஆவது செ.மீ. அருகே மேலுறை இலேசாகப் பிசிறடித்திருந்தது. உள்பின்னல் முழுதாக இருந்தது. கப்பியை விரலால் தட்டினால் சுழன்றது. கிண்ணத்தைத் துடைத்தபோது ஒரு தேக்கரண்டி அளவு கருமணல் வந்தது. கயிற்றை முனை மாற்றிக் கோத்து, மூன்று மடிப்பு நூல் துண்டுகள் ஆறினை முடிச்சோடு தயார் செய்து, திருகு வாயின் உள்மூடியில் ஒட்டிய ஒரு சிறு பையில் போட்டு வைத்திருக்கிறோம்.